மருந்தும் காலக்கெடுவும்

வரலாறு என்றதும் போர்க்களங்களும் முடிசூட்டு விழாக்களும் நம் நினைவுக்கு வருகின்றன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாற்றுப் பாடம் நடத்திய நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணியிருந்தேன். மருந்துக் கடையில் கிடைக்கும் ஒரு சிறு மாத்திரைக்கும் வரலாறு உண்டு என்பதை எனக்கு உணர்த்தியவன், என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனே.

அவன் அமெரிக்க நாட்டில் டெட்ராய்ட் நகரில் பொறியாளனாக இருக்கிறான். இரத்தப் புற்றுநோயில் ஒரு வகை அவனைப் பற்றியது. முன்னாளில் அந்நோய் வந்தவர் சில ஆண்டுகளே வாழ்ந்தனர். இந்நாளிலோ இமாட்டினிப் என்னும் மாத்திரையை நாள்தோறும் உண்டு பலர் நெடுநாள் நலமாக வாழ்கின்றனர். அவனும் அவ்வாறு வாழ்பவனே. 2014-ஆம் ஆண்டில் அவன் எனக்கு ஒரு கடிதம் எழுதினான்.

“ஐயா, எங்கள் நகரத்திற்கும் கனடா நாட்டு விண்ட்சர் நகரத்திற்கும் இடையே இருப்பது ஓர் ஆறு மட்டுமே. அக்கரையில் இம்மாத்திரையைப் பல நிறுவனங்கள் செய்து குறைந்த விலைக்கு விற்கின்றன. இக்கரையில் ஒரே நிறுவனம்தான் விற்கிறது. நம் நாட்டிலோ பல ஆண்டுகளாகவே இது மலிவாகக் கிடைக்கிறது என்கிறார்கள். நோயும் ஒன்று, மருந்தும் ஒன்று. பிறகு ஏன் இந்த வேறுபாடு? நீங்கள் வரலாற்று ஆசிரியராயிற்றே, சொல்லுங்கள்” என்று கேட்டிருந்தான்.

எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. வினாவுக்கு விடை தெரியாவிடில், ‘தேடிச் சொல்கிறேன்’ என்று கூறுவதே ஆசிரியனுக்கு அழகு. தேடினேன். தேடிக் கண்டதை இன்று உங்களுக்கும் கூற விழைகிறேன்.

முதலில் காப்புரிமை என்பது யாது எனக் காண்போம். நம் நாட்டில் முற்காலத்து வைத்தியர் சிலர் தாம் அறிந்த அரிய மருந்தின் செய்முறையைப் பெற்ற மகனுக்கும் கூறமாட்டார்கள். அவர் மறைந்தால் மருந்தும் அவருடன் மறைந்துவிடும். இதனால் இழப்பு யாருக்கு? ஊருக்குத்தான். இவ்விழப்பைத் தவிர்க்க மேலைநாட்டார் ஓர் உடன்பாடு கண்டனர். “நீ கண்டுபிடித்ததை மறைக்காமல் எழுதிக் கொடு. குறித்த காலம் வரை உன்னையன்றி வேறு எவரும் அதைச் செய்து விற்கலாகாது என அரசு காக்கும். அக்காலம் கழிந்தபின் அது எல்லார்க்கும் உரியது.” இவ்வுடன்பாடே காப்புரிமை. வெனிஸ் நகர அரசு 1474-ஆம் ஆண்டிலேயே இதற்குச் சட்டம் செய்து, பத்தாண்டுக் காலம் வரையறுத்தது. இங்கிலாந்து 1624-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பதினான்கு ஆண்டு என்றது.

இவ்வுடன்பாட்டின் உயிர்நிலை அதன் இறுதிப் பகுதியில் இருக்கிறது. உரிமை ஒருநாள் முடியவேண்டும். முடியாத உரிமை ஏகபோகமே அன்றிக் காப்புரிமை ஆகாது. ஆயின் அந்த ஒருநாள் எந்த நாள்? அதை வகுப்பவர் யார்? அந்தந்த நாட்டு அரசே வகுக்கிறது. உலகம் முழுவதற்கும் ஒரே காப்புரிமை என ஒன்று கிடையாது. ஒரு நாடு வழங்கிய உரிமை அந்நாட்டின் எல்லைக் கல்லோடு நின்றுவிடும்.

நீங்கள் எல்லாரும் அறிந்த ஆஸ்பிரின் இதற்கு நல்ல சான்று. ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் பணியாற்றிய ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் 1897-ஆம் ஆண்டில் அதைத் தூய நிலையில் செய்தார். நிறுவனம் பல நாடுகளில் காப்புரிமை வேண்டியது. அப்பொருளை ஜெரார் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1853-ஆம் ஆண்டிலேயே ஒருவாறு செய்திருந்தார். ஆதலால், பிறந்த நாடான ஜெர்மனியே காப்புரிமை தர மறுத்தது. பிரிட்டன் முதலில் தந்தது. 1905-ஆம் ஆண்டில் அந்நாட்டு நீதிமன்றம், இது முன்னரே அறியப்பட்ட பொருள் எனக் கூறி அவ்வுரிமையைச் செல்லாததாக்கியது. அமெரிக்காவோ 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 27-ஆம் நாள் வழங்கிய உரிமையை 1917 வரை நிலைநிறுத்தியது. ஒரே வெள்ளைத் தூளுக்கு மூன்று நாடுகள் மூன்று தீர்ப்புகள் அளித்தன. என் மாணவன் கண்ட ஆற்றின் இரு கரைகள் புதியன அல்ல என்பது இதனால் விளங்கும்.

இனி, மற்றொரு செய்தியைக் கூறுகிறேன். மருந்துக்குக் காப்புரிமை வழங்கலாமா என்பதிலேயே நாடுகளுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. பிரான்ஸ் 1844-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மருந்துகளை விலக்கி வைத்தது. ஜெர்மனி 1877-ஆம் ஆண்டில், மருந்துப் பொருளுக்கு உரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்று விதித்தது. பொருளும் முறையும் வேறு வேறு. கடல்நீரைப் பாத்தியில் காய்ச்சி எடுத்தாலும் மலையிலிருந்து வெட்டி எடுத்தாலும் உப்பு உப்பே. முறைக்கு மட்டும் உரிமை என்றால், வேறு வழியில் அதே பொருளைச் செய்பவனைத் தடுக்க முடியாது. பொருளுக்கே உரிமை என்றால் எவ்வழியில் செய்தாலும் குற்றமே. ஜெர்மனி 1968 வரையிலும், ஜப்பான் 1976 வரையிலும், இத்தாலி 1978 வரையிலும், ஸ்பெயின் 1992 வரையிலும் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தந்ததில்லை. உலகின் பெருமருந்து நிறுவனங்கள் சிலவற்றின் தாயகமாகிய சுவிட்சர்லாந்தும் 1970-களின் பிற்பகுதியில்தான் தந்தது. தம் தொழில் வளரும் வரை கதவைத் திறந்து வைத்து, வளர்ந்தபின் சாத்தியவை இந்நாடுகள். இதைக் குறையாகக் கூறவில்லை. ஒவ்வொரு நாடும் தன் காலத்தையும் தேவையையும் நோக்கியே சட்டம் செய்தது என்பதைச் சுட்டவே கூறினேன்.

நம் நாடும் அவ்வாறே செய்தது. விடுதலைக்குப்பின், ஆங்கிலேயர் விட்டுச்சென்ற 1911-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் நமக்கு ஏற்றதா என ஆராயும் பொறுப்பு நீதிபதி இராஜகோபால அய்யங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக விளங்கியவர். பின்னர் உச்சநீதிமன்ற நீதிபதியும் ஆனார். அவர் 1959-ஆம் ஆண்டில் அளித்த அறிக்கை, இந்தியாவில் பதிவான காப்புரிமைகளுள் மிகப் பெரும்பாலானவை அயல்நாட்டார் கையில் இருப்பதையும், அவற்றுள் பெரும்பகுதி இங்கே தொழிலாக நடத்தப்படாமலே கிடப்பதையும் எடுத்துக்காட்டியது. அதன் அடிப்படையில் எழுந்த 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. மற்றக் கண்டுபிடிப்புகளுக்குப் பதினான்கு ஆண்டு உரிமை தந்த அச்சட்டம், மருந்துக்கு மட்டும் செய்முறை உரிமையே தந்தது. அதுவும் விண்ணப்பித்த நாளிலிருந்து ஏழாண்டு, அல்லது உரிமை வழங்கிய நாளிலிருந்து ஐந்தாண்டு, இவற்றுள் எது குறைவோ அதுவே. அச்சட்டத்தின் நிழலில் இந்திய மருந்துத் தொழில் தழைத்தது.

1995 ஜனவரி முதல் நாள் உலக வணிக அமைப்பு தோன்றியது. அதில் சேர்ந்த நாடுகள், மருந்து உட்பட எல்லாக் கண்டுபிடிப்புக்கும் விண்ணப்பித்த நாளிலிருந்து குறைந்தது 20 ஆண்டு உரிமை தருவதென ஒப்புக்கொண்டன. இந்தியா பத்தாண்டு அவகாசம் பெற்று 2005 ஜனவரி முதல் நாள் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை வழங்கலாயிற்று. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு, அவை அந்நிலையில் இருக்கும் வரை, 2033 ஜனவரி முதல் நாள் வரை விலக்கு உண்டு.

“எல்லா நாட்டிலும் 20 ஆண்டு என்றாகிவிட்டதே, இனி வேறுபாடு எங்கே?” என நீங்கள் கேட்கலாம். நல்ல வினா. வேறுபாடு இரண்டு வழிகளில் நுழைகிறது.

முதல் வழி, காலத்தை நீட்டுதல். ஒரு மூலக்கூற்றைக் கண்டவுடனே நிறுவனம் காப்புரிமைக்கு விண்ணப்பித்துவிடுகிறது. அன்றே கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. பின்னர் விலங்குகளிலும் மனிதரிலும் சோதனை செய்து, அரசின் ஒப்புதல் பெற்று, கடைக்கு வருவதற்குள் பல ஆண்டுகள் கழிந்துவிடும். எஞ்சிய காலம் போதாது என நிறுவனங்கள் முறையிட்டன. முறையீட்டில் நியாயம் இல்லாமல் இல்லை. அமெரிக்கா 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தால், இழந்த காலத்திற்கு ஈடாக ஐந்தாண்டு வரை நீட்டிப்பு தந்தது. மருந்து ஒப்புதல் பெற்றபின் எஞ்சும் காலம் நீட்டிப்பையும் சேர்த்து 14 ஆண்டுக்கு மேற்படலாகாது என எல்லையும் கட்டியது. ஐரோப்பிய நாடுகள் 1993 முதல் துணைச் சான்றிதழ் ஒன்றின் வாயிலாக ஐந்தாண்டு வரை நீட்டின. அவற்றின் எல்லை 15 ஆண்டு. குழந்தைகளுக்கு அம்மருந்து ஏற்குமா என ஆராய்ந்து அறிக்கை தந்தால் இரு இடத்தும் இன்னும் ஆறு திங்கள் கிடைக்கும். கனடா 2017 வரை எந்த நீட்டிப்பும் தரவில்லை. அதன்பின் இரண்டாண்டு வரை தருகிறது. இந்தியா நீட்டிப்பே தருவதில்லை.

இரண்டாம் வழி, சந்தைத் தனியுரிமை. இதைக் காப்புரிமையோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஒரே கதவில் இரண்டு பூட்டுகள் தொங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றைப் பூட்டுவது காப்புரிமை அலுவலகம். மற்றொன்றைப் பூட்டுவது மருந்துக்கு ஒப்புதல் தரும் அரசுத் துறை. “முதல் நிறுவனம் பெரும்பொருள் செலவிட்டுச் சோதனை செய்து தந்த சான்றுகளை நம்பி, இத்தனை ஆண்டு வரை வேறொருவருக்கு ஒப்புதல் தரமாட்டோம்” என்று அத்துறை கூறுவதே இப்பூட்டு. புதிய மூலக்கூற்றுக்கு அமெரிக்கா தருவது ஐந்தாண்டு. கனடா 2006 முதல் தருவது எட்டாண்டு. ஐரோப்பாவில் 2004-ஆம் ஆண்டுச் சட்டம் எட்டாண்டுச் சான்றுக் காப்பும் அதன்மேல் ஈராண்டுச் சந்தைக் காப்பும் வகுத்தது. புதிய பயன் காட்டினால் மேலும் ஓராண்டு சேரும். சிலருக்கே வரும் அரிய நோய்க்கான மருந்தாயின் அமெரிக்கா 1983 முதல் ஏழாண்டும், ஐரோப்பா 2000 முதல் பத்தாண்டும் தனியுரிமை வகுத்தன. இந்தியாவில் இத்தகைய சான்றுக் காப்புச் சட்டம் இல்லை. ஒரு பூட்டுத் திறந்தாலும் மற்றது பூட்டியே இருந்தால் கதவு திறவாது. அதனால்தான் நாட்டுக்கு நாடு நாள் மாறுகிறது.

இப்போது என் மாணவனின் மாத்திரைக்கு வருவோம். இமாட்டினிப் மூலக்கூற்றைக் கண்ட நிறுவனம் சுவிட்சர்லாந்தில் 1992 ஏப்ரலில் முதல் விண்ணப்பம் இட்டது. அமெரிக்க அரசு 2001 மே 10-ஆம் நாள் அம்மருந்துக்கு ஒப்புதல் தந்தது. கனடாவில் விண்ணப்பித்தது 1993 ஏப்ரல் முதல் நாள். இருபது ஆண்டு கழிந்து, 2013 ஏப்ரல் முதல் நாளோடு அங்கே உரிமை முடிந்தது. உடனே மற்ற நிறுவனங்கள் அம்மருந்தைப் பொதுப்பெயரில் விற்கலாயின.

அமெரிக்கக் காப்புரிமை 1996 மே 28-ஆம் நாள் வழங்கப்பட்டது. அக்காலத்து 17 ஆண்டுக் கணக்கின்படி 2013 மே 28-இல் முடியவேண்டும். அதாவது, அடிப்படைக் காலத்தில் ஆற்றின் இரு கரைகளுக்கும் இரண்டு திங்களுக்குக் குறைவான வேறுபாடே! மற்றவை எல்லாம் பின்னர்ச் சேர்ந்தவை. நீட்டிப்பினால் அது 2015 ஜனவரி 4-ஆம் நாள் வரை சென்றது. குழந்தைகளுக்கான ஆய்வின் பொருட்டு ஜூலை 4 வரை சென்றது. அம்மருந்தின் ஒருவகைப் படிக வடிவத்திற்கு 2019 வரை தனிக் காப்புரிமை இருந்தது. அதைப் பற்றிய வழக்கு உடன்பாட்டில் முடிந்து, 2016 பிப்ரவரி முதல் நாள்தான் பொதுப்பெயர் மருந்து அங்கே வந்தது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலோ உரிமை 2016 டிசம்பர் வரை நீடித்தது.

இந்தியாவில் நிகழ்ந்தது யாது? மூலக்கூறு 1992-ஆம் ஆண்டினது. அக்காலத்தில் மருந்துப் பொருளுக்கு இங்கே உரிமை இல்லை. ஆதலால் அடிப்படைக் காப்புரிமை இங்கே பிறக்கவே இல்லை. நோவார்ட்டிஸ் நிறுவனம், மேற்கூறிய படிக வடிவத்திற்கு 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பித்தது. அவகாசக் காலமாதலால் அவ்விண்ணப்பம் 2005 வரை ஆராயப்படாமல் காத்திருந்தது. இடையில் 2003 நவம்பரில் தனி விற்பனை உரிமை என்னும் இடைக்கால உரிமை வழங்கப்பட்டது. அதைக் கொண்டு மற்ற நிறுவனங்களைத் தடுக்க வழக்குகள் எழுந்தன. சென்னை உயர்நீதிமன்றம் தடை விதித்தது. பம்பாய் உயர்நீதிமன்றம் மறுத்தது. ஒரே நாட்டுக்குள்ளும் இரு கரைகள்! உரிமையாளர் மருந்து திங்களுக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய். தடையால் நோயாளிகளுக்கு நேரக்கூடிய இடர் இன்னதென இவ்வெண்களே சொல்லும். உரிமையாளர் நிறுவனம், இயலாத நோயாளிகள் பலருக்கு இலவசமாக மருந்து வழங்கியதாகக் கூறியதையும் இங்கே குறிப்பிடுவது நேர்மை.

2006 ஜனவரியில் சென்னை அலுவலகம் விண்ணப்பத்தை மறுத்தது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் 3(டி) என்னும் பிரிவு இருந்தது. அறிந்த பொருளின் புதிய வடிவம், பயனாற்றலில் மேம்பட்டாலன்றிப் புதிய கண்டுபிடிப்பு ஆகாது என்பது அதன் கருத்து. அப்பிரிவு அரசியலமைப்புக்கு மாறானது என்ற வாதத்தைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏற்க மறுத்தது. இறுதியில் 2013 ஏப்ரல் முதல் நாள் உச்சநீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. அப்படிகம் உடலில் முப்பது விழுக்காடு மிகுதியாக உறிஞ்சப்படுகிறது என்பது நிறுவனத்தின் வாதம். மருந்தைப் பொறுத்தவரை பயனாற்றல் என்பது நோய் தீர்க்கும் ஆற்றலே, அது மிகுந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று நீதிமன்றம் முடிவு செய்தது. கனடாவில் உரிமை முடிந்ததும் இதே நாளில்தான். இது தற்செயலாக அமைந்த ஒற்றுமை. தற்செயல் அல்லாத ஒன்றைக் கவனியுங்கள்: இந்தியா மறுத்த அதே படிக வடிவமே அமெரிக்காவில் பொதுப்பெயர் மருந்து வருவதை 2015 ஜூலையிலிருந்து மேலும் ஏழு திங்கள் தாழ்த்தியது.

இவை அனைத்தையும் என் மாணவனுக்கு எழுதினேன். “உன் வினாவுக்கு வேதியியலில் விடை இல்லை, சட்ட வரலாற்றில் இருக்கிறது. ஆற்றின் அகலம் என்பது நீட்டிப்புகளின் அகலமே” என்று முடித்தேன்.

2016-ஆம் ஆண்டில் அவனிடமிருந்து மறுமொழி வந்தது. பொதுப்பெயர் மாத்திரை தனக்குக் கிடைத்ததாகவும், அதைச் செய்தது ஓர் இந்திய நிறுவனம் என்றும் எழுதியிருந்தான். ஆயினும், “விலை எதிர்பார்த்த அளவு இறங்கவில்லையே ஐயா, ஏன்?” என்று மீண்டும் வினவியிருந்தான். அதற்கும் அதே 1984-ஆம் ஆண்டுச் சட்டமே விடை. காப்புரிமையை முதலில் எதிர்த்து விண்ணப்பிக்கும் பொதுப்பெயர் நிறுவனத்திற்கு அச்சட்டம் 180 நாள் தனிச் சலுகை தருகிறது. அதுவரை மற்றவர் நுழைய இயலாது. பலர் நுழைந்து போட்டி பெருகும்போதுதான் விலை இறங்கும்.

மாணவ நண்பர்களே, கண்டுபிடித்தவனுக்கு ஊதியம் வேண்டாம் என்று நான் கூறவில்லை. இம்மருந்து பல அறிஞர்களின் பல்லாண்டு உழைப்பால் வந்தது. ஊதியம் இல்லையேல் அடுத்த மருந்து வாராது. ஆயின் எவ்வளவு காலம், எவ்வளவு ஊதியம் என்பது இயற்கை விதித்த விதி அன்று. வெனிஸ் பத்து என்றது, இங்கிலாந்து பதினான்கு என்றது, நம் நாடு ஒரு காலத்தில் ஏழு என்றது, இன்று உலகம் இருபது என்கிறது. எல்லாம் மனிதர் கூடி வகுத்த எண்களே. மனிதர் வகுத்ததை மனிதர் ஆராயலாம், வேண்டுமாயின் மாற்றலாம். அய்யங்காரின் அறிக்கை அதற்குச் சான்று.

உங்களுள் சிலர் மருத்துவராவீர்கள், சிலர் வழக்கறிஞராவீர்கள், சிலர் மருந்து செய்வீர்கள், சிலர் சட்டமன்றத்தில் அமர்வீர்கள். அந்நாளில் உங்கள் முன் ஒரு காலக்கெடு வந்து நிற்கும்போது, அந்த எண்ணுக்குப் பின்னால் மாத்திரைக்காகக் காத்திருப்பவர் ஒருவர் உண்டு என்பதையும், அதைக் கண்டுபிடிக்க உழைத்தவர் ஒருவர் உண்டு என்பதையும் ஒருங்கே எண்ணிப் பாருங்கள். டெட்ராய்ட் ஆற்றங்கரையில் வாழும் அம்மாணவனுக்கு நான் பட்ட கடன், இன்று உங்களிடம் இதைக் கூறியதால் ஓரளவு தீர்ந்தது எனக் கருதுகிறேன்.